ஒரு மணி நேரத் தெளிவு

காய்ச்சலில் துவண்டு, கைகால் சில்லிட்டு, மூச்சிரைக்க ஒரு குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். உடனே என்ன செய்ய வேண்டும்? நம் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "சீக்கிரம் ட்ரிப்ஸ் போடுங்க." மருத்துவரும் பெரும்பாலும் அதைத்தான் செய்வார். நாடி மெலிந்திருக்கிறது. விரல் நுனியை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் மறுபடி சிவக்க நேரமாகிறது. ரத்த ஓட்டம் குன்றிவிட்டது என்பதற்கு இவை அடையாளங்கள். ரத்தக் குழாய்க்குள் திரவம் போதவில்லை, அதனால் நிரப்ப வேண்டும். மருத்துவத்தில் இதைவிடத் தெளிவான தர்க்கம் கிடைப்பது அரிது.

அந்தத் தர்க்கத்தைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். 2009இல் கென்யாவின் கிலிஃபி, உகாண்டாவின் கம்பாலா, சொரோட்டி, எம்பாலே, குலு, தான்சானியாவின் முஹேசா ஆகிய ஊர்களின் மருத்துவமனைகளில் ஃபீஸ்ட் என்ற ஆய்வு தொடங்கியது. அதை வழிநடத்தியவர் கிலிஃபியில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் கேத்ரின் மெய்ட்லண்ட். உகாண்டாவின் சாரா கிகுலியும் அவரோடு முன்னணியில் இருந்தார். இரண்டு மாதம் முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள, கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டமும் குன்றிய குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. ஒரு பிரிவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லி வரை சலைன் ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றப்பட்டது. இரண்டாம் பிரிவுக்கு அதே அளவில் அல்புமின் என்ற ரத்தப் புரதக் கரைசல். மூன்றாம் பிரிவுக்கு இந்த வேகத் திரவம் கிடையாது. வழக்கமான மெதுவான சொட்டு மட்டும். மலேரியா மருந்து, ஆன்டிபயாட்டிக், ஆக்சிஜன், தேவைப்பட்டால் ரத்தம் ஆகியவை மூன்று பிரிவுக்கும் பொது. வயிற்றுப்போக்கால் நீர் இழந்த குழந்தைகளையும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளையும் ஆய்வில் சேர்க்கவில்லை. பின்னால் வரும் விவாதத்துக்கு இது முக்கியம்.

3600 குழந்தைகளைச் சேர்ப்பதாகத் திட்டம். 2011 ஜனவரியில் 3141 பேர் சேர்ந்திருந்தபோது கண்காணிப்புக் குழு கணக்கைப் பார்த்துவிட்டு, இனி ஒரு குழந்தையைக்கூடச் சேர்க்க வேண்டாம் என்றது. 48 மணி நேரத்துக்குள் அல்புமின் பிரிவில் 1050 குழந்தைகளில் 111 பேர் இறந்திருந்தார்கள். சலைன் பிரிவில் 1047இல் 110 பேர். வேகத் திரவம் பெறாத பிரிவில் 1044இல் 76 பேர். சதவீதத்தில் சொன்னால் 10.6, 10.5, 7.3. திரவம் ஏற்றிய நூறு குழந்தைகளுக்கு மூன்று பேருக்குச் சற்றுமேல் கூடுதலாக இறந்திருக்கிறார்கள்.

மலேரியா இருந்த குழந்தைகள், இல்லாத குழந்தைகள், ரத்தசோகை மிகுந்தவர்கள், குறைந்தவர்கள் என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் முடிவு ஒரே திசையைக் காட்டியது. திரவம் காப்பாற்றிய ஒரு பிரிவைக்கூடக் கண்டெடுக்க முடியவில்லை.

இந்த ஆய்வில் என்னை நிலைகுலைய வைத்தது இறப்புக் கணக்கு மட்டுமில்லை. 2013இல் அதே ஆய்வாளர்கள் தங்கள் தரவுகளை மறுபடி அலசி வெளியிட்ட கட்டுரையில் ஒரு தகவல் இருக்கிறது. சிகிச்சை தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 43 சதவீதத்தினருக்கு ரத்த ஓட்டக் குறைவின் அடையாளங்கள் நீங்கியிருந்தன. ஏற்றப்படாதவர்களில் 32 சதவீதத்தினருக்குத்தான் நீங்கியிருந்தன. அதாவது முதல் ஒரு மணி நேரத்தில் திரவம் வேலை செய்தது. நாடி நிமிர்ந்தது, கை சூடேறியது. கட்டிலருகே நின்ற செவிலியரும் தாயும் அதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். அப்படித் தெளிந்த பிரிவிலிருந்துதான் பிறகு கூடுதல் குழந்தைகள் இறந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்ததோ மூளை வீங்கியதோ முதன்மைக் காரணமாகத் தெரியவில்லை. பெரும்பாலும் இதயமும் ரத்த ஓட்டமும் குலைந்தே இறந்தார்கள் என்றது அந்தக் கட்டுரை. ஏன் அப்படி என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

ஒரு மருத்துவர் வாழ்நாள் முழுவதும் இத்தகைய குழந்தைகளுக்குத் திரவம் ஏற்றி வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நினைவில் எது தங்கும்? ஊசி போட்டு, பாட்டிலை மாட்டி, அரை மணியில் குழந்தை கண் திறந்த காட்சிதான் தங்கும். பின்னிரவில் அந்தக் குழந்தை இறந்தால், நோய் அவ்வளவு கடுமை, நம்மால் ஆனதைச் செய்தோம் என்றே அவர் நினைப்பார். அதில் பொய்யில்லை. நூறு பேரில் ஏழு பேர் இறப்பதற்கும் பத்துப் பேர் இறப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்தத் தனி மருத்துவரும் தன் அனுபவத்தால் உணர முடியாது. எத்தனை திறமை இருந்தாலும், எத்தனை அன்பு இருந்தாலும் முடியாது. மூவாயிரம் குழந்தைகளை வரிசையாக வைத்து எண்ணினால்தான் அது தெரியும். கடும் நோயாளிகளின் சிகிச்சையில் ஆய்வு ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் சொல்லக்கூடிய முழுப் பதிலும் இதுதான்.

இதே காட்சி மருத்துவ வரலாற்றின் வேறொரு பக்கத்திலும் இருக்கிறது. 1832இல் காலரா ஐரோப்பாவைச் சூறையாடியபோது, ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தைச் சேர்ந்த தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் முதன்முறையாக நோயாளிகளின் ரத்தக் குழாய்க்குள் உப்புநீர் செலுத்தினார். முதல் நோயாளி வயது முதிர்ந்த ஒரு பெண். எல்லாச் சிகிச்சையும் கைவிட்ட நிலை. உப்புநீர் உள்ளே போகப் போகக் குழிந்த கண்கள் ஒளி பெற்றன, முகத்தில் உயிர் வந்தது, நாடி திரும்பியது. நிம்மதியோடு லாட்டா அவளை இன்னொரு மருத்துவரின் பொறுப்பில் விட்டுச் சென்றார். வயிற்றுப்போக்கு திரும்பியது, சில மணி நேரத்தில் அவள் இறந்துவிட்டாள். மறுபடியும் உப்புநீர் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாள் என்றே லாட்டா எழுதினார்.

லாட்டா சொன்னது சரி. காலராவில் உடல் நீரை வெளியே கொட்டுகிறது. கொட்டியதைத் திருப்பித் தராவிட்டால் சாவுதான். இன்று உலகம் முழுவதும் கடும் காலரா நோயாளிகள் பிழைப்பது அவர் தொடங்கிய வழியால்தான். வயிற்றுப்போக்கை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்த முதியவளும் ஃபீஸ்ட் ஆய்வின் குழந்தைகளும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரிந்திருப்பார்கள். குளிர்ந்த கை, மெலிந்த நாடி, திரவம் ஏறியதும் ஒரு தெளிவு, பிறகு மரணம். ஓரிடத்தில் அந்த மரணத்தின் பொருள் "இன்னும் கொடுத்திருக்க வேண்டும்" என்பது. மற்ற இடத்தில் "கொடுத்தே இருக்கக் கூடாது" என்பது. அந்தத் தெளிவை மட்டும் வைத்து, கட்டிலருகே நிற்பவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

பிறகு ஏன் உலகமே வேகத் திரவத்தை நம்பியது? கிருமித் தொற்று உடல் முழுவதையும் தாக்கும் செப்சிஸ் நிலையில், குழந்தைகளுக்கான சிகிச்சையில் முதல் மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 40, 60 மில்லி வரை ஏற்றலாம் என்ற நெறிமுறைக்கு வலுவூட்டிய ஆய்வுகளில் ஒன்று 1991இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் இருந்தவர்கள் 34 குழந்தைகள். முதல் மணி நேரத்தில் 40 மில்லிக்கு மேல் பெற்றவர்கள் ஒன்பது பேர்; அவர்களில் எட்டுப் பேர் பிழைத்தார்கள். குலுக்கல் கிடையாது. யாருக்கு எவ்வளவு என்பதை அந்தந்த மருத்துவர் அந்தந்த நேரத்தில் முடிவெடுத்தார். அந்த ஆய்வைச் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தங்களால் இயன்றதைக் கவனமாகப் பதிவு செய்தார்கள். ஆனால் ஒன்பது குழந்தைகளின் மேல் எழுந்த நம்பிக்கை கண்டங்களைத் தாண்டிப் போனது. நம் ஊரிலும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்கள் இருந்தார்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் 147 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, திரவத்தை மிக வேகமாக ஏற்றுவதையும் சற்று நிதானமாக ஏற்றுவதையும் ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. இறப்பில் வித்தியாசமில்லை. கூட்டம் நெரிசலாக வரும் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குள் இப்படியொரு கேள்வியை முறையாகக் கேட்க முடிந்திருக்கிறது என்பதை நான் பெருமையோடு குறித்துக்கொள்கிறேன்.

திரவம் ஒரு தனிக் கதையில்லை. தீவிர சிகிச்சையின் வரலாறு நெடுக இதே முடிச்சு விழுந்துகொண்டே வருகிறது. மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பு தாறுமாறாவதை அடக்கும் மாத்திரைகள் 1980களில் பரவலாக இருந்தன. அவை இ.சி.ஜி.யை அழகாக்கின. காஸ்ட் என்ற ஆய்வில் மாத்திரை சாப்பிட்ட 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேரும் இறந்தார்கள். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது பல பத்தாண்டு வழக்கமாக இருந்தது. 49 நாடுகளில் பத்தாயிரம் நோயாளிகளைச் சேர்த்த கிராஷ் ஆய்வு, ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் 21.1 சதவீதமும் பெறாதவர்களில் 17.9 சதவீதமும் இறந்தார்கள் என்று 2004இல் காட்டியது.

வென்டிலேட்டர் பற்றியது சற்று நின்று பார்க்க வேண்டிய கதை. நுரையீரல் கடுமையாகப் பழுதடைந்தவர்களுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் கிலோவுக்கு 12 மில்லி காற்றைச் செலுத்துவது வழக்கமாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் அமெரிக்காவின் பத்துப் பல்கலைக்கழக மையங்கள் சேர்ந்து 861 நோயாளிகளிடம் அதை 6 மில்லியோடு ஒப்பிட்டிருந்தன. குறைந்த காற்றுப் பெற்றவர்களின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு முதல் சில நாட்களில் மோசமாகவே இருந்தது. மானிட்டரை மட்டும் பார்த்தவர் கவலைப்பட்டிருப்பார். ஆனால் அவர்களில் 31 சதவீதத்தினர் இறந்தார்கள். நிறையக் காற்றுப் பெற்று எண்கள் நன்றாக இருந்தவர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதத்தினர் இறந்தார்கள். நுரையீரலை அதிகமாக விரிப்பதே அதைக் கிழிக்கிறது என்பது இன்று மாணவர்களுக்குப் பாடம். அன்று அது இன்னும் விவாதத்தில் இருந்தது.

ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் நாம் எல்லோரும் எண்களைக் கேட்கிறோம். பி.பி. எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, யூரின் எவ்வளவு போனது. மருத்துவர் சொல்லும் எண் நேற்றைவிட நன்றாக இருந்தால் போன் போட்டு ஊருக்குச் சொல்கிறோம். அதில் தவறில்லை; பற்றிக்கொள்ள வேறு எதுவும் இல்லாத இடம் அது. மருத்துவர்களும் நம்மைப் போலவே அந்த எண்ணைப் பற்றிக்கொள்கிறார்கள் என்பதும், அந்த எண்ணைச் சரி செய்வதற்காகவே பல சிகிச்சைகள் பிறந்தன என்பதும்தான் சிக்கல். நோயாளி ஒரு மாதம் கழித்து உயிரோடு வீட்டில் இருக்கிறாரா என்ற கேள்வி அந்த இரவின் கேள்விகளில் இடம்பெறுவதில்லை. அதைக் கேட்பதற்கென்றே ஆய்வு என்ற ஓர் ஏற்பாடு தேவைப்படுகிறது.

ஃபீஸ்ட் முடிவு 2011 மே மாதம் வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் குழந்தைகளுக்கு மலேரியா, ரத்தசோகை. எங்கள் நோயாளிகள் வேறு என்றார்கள் பணக்கார நாடுகளின் நிபுணர்கள். வென்டிலேட்டர் இல்லாத இடத்து முடிவு இருக்கும் இடத்துக்குப் பொருந்தாது என்றார்கள். இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனையில் 34 குழந்தைகளிடம் கிடைத்த முடிவை உலகத்துக்கே பொருத்திய நேரத்தில் இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு உரக்கக் கேட்கவில்லை. மூவாயிரம் ஆப்பிரிக்கக் குழந்தைகளிடமிருந்து விடை எதிர்த்திசையில் வந்தபோதுதான் கேட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் வேகத் திரவம் பற்றிய பரிந்துரை இருந்துகொண்டே இருந்தது. ஆய்வை நடத்திய ஆப்பிரிக்க மருத்துவர்கள், கிகுலி உட்பட, எங்கள் தரவு எங்கே போயிற்று என்று 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கேட்டு எழுதினார்கள். திருத்தம் 2016இல் வந்தது. ஐந்து ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை குழந்தைகளுக்குப் பழைய முறைப்படி திரவம் ஏற்றப்பட்டிருக்கும் என்று நினைக்கும்போது என் கோபம் அடங்குவதில்லை.

நெறிமுறைகளுக்கு ஒரு குணம் இருக்கிறது. ஒன்றைச் சேர்ப்பது அவற்றுக்குச் சுலபம். இருப்பதை நீக்குவது கடினம். கொரோனா காலத்தில் நம் கண் முன்னாலேயே இது நடந்தது. பிரிட்டனின் ரிகவரி ஆய்வு, டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பைக் குறைத்தது என்று 2020 ஜூன் 16 அன்று அறிவித்தது; பிறகு இதழில் வந்த கணக்கில் அது 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்திருந்தது. மாதம் முடிவதற்குள் இந்தியச் சுகாதார அமைச்சகத்தின் நெறிமுறையில் அது இடம்பெற்றுவிட்டது. நல்ல வேகம்.

பிளாஸ்மாவின் கதை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் பிளாசிட் என்ற ஆய்வை நடத்தியது. குணமானவர்களின் பிளாஸ்மா, நோய் முற்றுவதையோ மரணத்தையோ தடுக்கவில்லை. இவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், பிளாஸ்மா பெற்றவர்களில் 19 சதவீதம், பெறாதவர்களில் 18 சதவீதம். முடிவு 2020 செப்டம்பரில் பொதுவெளிக்கு வந்தது. அக்டோபரில் இதழில் வெளியானது. நம் நாட்டில், நம் நோயாளிகளிடம், நம் அரசு அமைப்பே கண்டறிந்த விடை. அதற்குப் பிறகும் பிளாஸ்மா நெறிமுறையிலிருந்து நீங்கவில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களை நினைத்துப் பாருங்கள். மகன்களும் மருமகள்களும் அண்டை வீட்டுப் பையன்களும் ரத்தப் பிரிவைக் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். குணமானவர்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள், கடன் வாங்கினார்கள். பிளாஸ்மா கிடைக்காமல் தந்தையை இழந்தவர், இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்ற குற்றவுணர்வை இன்றும் சுமந்துகொண்டிருக்கக்கூடும். 2021 மே மாத நடுவில்தான் அது நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டது. விடை தெரிந்து ஏழு எட்டு மாதங்கள் கழித்து, அலை உச்சத்தைத் தொட்ட பிறகு. அப்படித் தேடி அலைந்தவர் யாராவது இதைப் படித்தால் அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நீங்கள் தவறவிட்டது எதுவும் இல்லை. கிடைத்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

டெக்சாமெத்தசோனுக்கும் இரண்டாம் பக்கம் உண்டு. அதே ரிகவரி ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அந்த மருந்தால் பயன் தெரியவில்லை. மருந்து பெற்றவர்களில் 17.8 சதவீதமும் பெறாதவர்களில் 14 சதவீதமும் இறந்திருந்தார்கள். தீங்கு என்று உறுதியாகச் சொல்லப் போதாது, எச்சரிக்கைக்குப் போதும். "யாருக்கு" என்ற அந்தச் சொல் செய்தி பரவும்போது உதிர்ந்துவிட்டது. காய்ச்சல் வந்த முதல் நாளே மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்கியவர்கள் ஏராளம். சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நாட்டில் அதன் விலையாகக் கறுப்புப் பூஞ்சையையும் பார்த்தோம். நெறிமுறையில் மருந்தின் பெயரைவிட, எந்த நிலையில் உள்ளவருக்கு என்ற வரி முக்கியமானது.

இனி, பலர் கேட்கத் தயங்கும் கேள்வி. சாகக் கிடக்கும் குழந்தையைக் குலுக்கல் சீட்டில் சேர்ப்பது அறமா? ஃபீஸ்ட் ஆய்வில் இதற்கு நேர்மையான ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது தாயிடம் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டுவது கொடுமை. ஆகவே அவசரத்தில் வாய்மொழியாகச் சுருக்கமாகச் சொல்லி இசைவு பெற்றார்கள். குழந்தையின் நிலை ஓரளவு சீரானதும் முழு விவரத்தையும் சொல்லி எழுத்து மூலம் ஒப்புதல் கேட்டார்கள். ஒப்புதல் கேட்பதற்குள் இறந்துபோன குழந்தைகளும் இருந்தார்கள். அந்தப் பெற்றோருக்கு என்ன சொல்வது என்பதை ஆய்வுக்கு அனுமதி தந்த அறக்குழுக்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருந்தது. இதற்கு எளிய விடை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் எதிர்க்கேள்வியையும் வைக்க வேண்டும். ஆய்வு நடக்காத இடங்களில் குழந்தைகள் சோதனைக்கு உள்ளாகாமலா இருந்தார்கள்? ஒவ்வொரு நாளும் உள்ளானார்கள். ஒரு மருத்துவர் 20 மில்லி கொடுத்தார், இன்னொருவர் 60 கொடுத்தார், மூன்றாமவர் எதுவும் கொடுக்கவில்லை. யாரும் எண்ணவில்லை, யாரும் கண்காணிக்கவில்லை, தீங்கு தெரிந்தால் நிறுத்தச் சொல்ல ஒரு குழு இல்லை. ஒப்புதலும் கேட்கப்படவில்லை. ஆய்வுக்குள் வந்த குழந்தைக்காவது நாற்பத்தெட்டு மணி நேரம் குறிப்பெடுக்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்தார். கணக்கு வைக்காத சோதனையைச் சிகிச்சை என்றும், கணக்கு வைக்கும் சிகிச்சையைச் சோதனை என்றும் அழைத்துப் பழகிவிட்டோம். அறப்பிழை முதலாவதில்தான் கூடுதல் என்பது என் முடிவு.

நம் மக்களிடம் "எங்களைச் சோதனை எலியா ஆக்கப் பாக்கறீங்களா?" என்ற பயம் ஆழமாக இருக்கிறது. அது காரணமற்ற பயமில்லை. முறையான ஒப்புதலின்றி ஏழைகளை மருந்துச் சோதனைகளில் சேர்த்ததாக எழுந்த புகார்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. அதன் பிறகே இந்தியாவில் விதிகள் இறுகின. இன்று மருந்துச் சோதனை எதுவானாலும் அதை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். அந்தப் பயம் விதிகளைப் பெற்றுத் தந்தது, நல்லது. அதே பயம் எல்லா ஆய்வையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினால், வேறெங்கோ வேறு யாரோ உடலில் கண்ட விடைகளை நம் நோயாளிகளுக்கு உத்தேசமாகப் பொருத்திக்கொண்டே இருப்போம்.

உத்தேசம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2020இல் வந்த குழந்தைகளுக்கான சர்வதேச செப்சிஸ் நெறிமுறை ஃபீஸ்ட்டை ஏற்று இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. தீவிர சிகிச்சை வசதி உள்ள இடத்தில் முதல் மணி நேரத்தில் கிலோவுக்கு 40 முதல் 60 மில்லி வரை, கவனித்துக் கவனித்துக் கொடுக்கலாம். வசதி இல்லாத இடத்தில், ரத்த அழுத்தம் விழாத குழந்தைக்கு வேகத் திரவம் வேண்டாம். சென்னையின் பெரிய மருத்துவமனைக்கு முதல் விதி பொருந்தும். மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டாவது. இடையில் இருக்கும் தாலுகா மருத்துவமனைக்கு? ஆக்சிஜன் இருக்கிறது, இரவில் ஒரு மருத்துவர் இருக்கிறார், 108 வண்டி வர நேரமாகலாம். தமிழ்நாட்டில் பல குழந்தைகள் முதலில் தூக்கிச் செல்லப்படுவது அத்தகைய இடத்துக்குத்தான். அந்த மருத்துவருக்கான தெளிவான வரி அந்த நெறிமுறையில் இல்லை. டெங்கு என்றால் கணக்கே வேறு. அங்கே ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது, திரவம் தேவை, அளவு மீறினால் ஆபத்து. மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு டெங்குவா செப்சிஸா என்று தெரியாத அந்த முதல் மணி நேரத்துக்கான விடையை நாம்தான் தேட வேண்டும். அப்படித் தேட முடியும் என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது.

புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சியின் இளம்புழு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைத் தமிழ்நாட்டு மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். அக்குளிலோ இடுப்பிலோ கரிந்த பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று தேடுவார்கள். முற்றினால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். இதற்கு டாக்ஸிசைக்ளின் நல்லதா, அசித்ரோமைசின் நல்லதா என்பது பல ஆண்டுக் கேள்வி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று, இந்தியாவின் பல மருத்துவமனைகளைச் சேர்த்து, கடுமையாகப் பாதிக்கப்பட்ட கிட்டத்தட்ட எண்ணூறு நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. ஒரு பிரிவுக்கு முதல் மருந்து, இன்னொன்றுக்கு இரண்டாவது, மூன்றாவதற்கு இரண்டும் சேர்த்து. மரணம், நீடிக்கும் உறுப்புப் பாதிப்பு, நீடிக்கும் காய்ச்சல் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் தனி மருந்துப் பிரிவுகளில் 47, 48 சதவீதம். கூட்டு மருந்துப் பிரிவில் 33 சதவீதம். 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் அதை வெளியிட்டது. மரணத்தை மட்டும் தனியே எடுத்தால் பிரிவுகளுக்கிடையே தெளிவான வித்தியாசம் இல்லை. ஆய்வாளர்கள் அதையும் மறைக்காமல் எழுதினார்கள். இரண்டுமே பழைய, மலிவான மருந்துகள். எந்தக் கம்பெனியும் லாபத்துக்காக இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது.

அந்த எண்ணூறு பேரும் அவர்களுடைய வீட்டாரும் மோசமான ஓர் இரவில் ஒரு தாளைப் படித்துக் கையெழுத்துப் போட்டவர்கள். உங்கள் வீட்டாருக்காக அப்படியொரு தாள் நீட்டப்பட்டால் பயந்து விலகவும் வேண்டாம், பேசாமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம். இரண்டு சிகிச்சைகளில் எது நல்லது என்று உங்களுக்கே உண்மையில் தெரியாதா என்று கேளுங்கள். பதிவேட்டில் பதிந்திருக்கிறீர்களா, தீங்கு தெரிந்தால் நிறுத்துவது யார், நாங்கள் நடுவில் விலகினால் சிகிச்சை தொடருமா, முடிவு வந்ததும் எங்களுக்குச் சொல்வீர்களா என்று கேளுங்கள். பதில்கள் நேராக வந்தால் கையெழுத்துப் போடுங்கள்.